டிரம் சுத்துது, சூடு மட்டும் வரல: கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய அம்மா வீட்டு மொட்டை மாடில உட்கார்ந்துதான் படிச்சேன். தண்டையார்பேட்டை. ஒரு மாச லீவுல வந்திருக்கேன். காலைல 9 மணிக்குக் கொடில போட்ட பெட்ஷீட் 11 மணிக்கெல்லாம் மொறமொறன்னு காஞ்சிடுச்சு. எண்ணூர் பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா சாம்பல் படியும்னு அம்மா அவசரமா எடுத்து மடிச்சுட்டாங்க. இந்த வெயில்ல வளந்தவங்களுக்கு டிசம்பர் மாசம் கனடால, ஸ்கார்பரோ பேஸ்மென்ட்ல ஈரத் துணியோட நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு நல்லாத் தெரியும். 19 வருஷமா அங்க இருக்கேன். முதல் 4 வருஷம் பேஸ்மென்ட்தான்.

நீங்க கேட்டது இது: டிரையர் (துணி காயவைக்கற மெஷின்) ஓடுது, டிரம் சுத்துது, ஒரு மணி நேரம் ஆனாலும் துணி சில்லுன்னு ஈரமாவே வருது. வீட்டு ஓனர் "நிறைய துணி போடறீங்க"ன்னு சொல்றாரு. வீடியோ பாத்து நீங்களே ஹீட்டர் வாங்கி மாத்திடலாமா?

இப்போதைக்கு வாங்காதீங்க. முதல்ல ஃபேஸைப் பாருங்க.

நம்ம ஏரியால ஒரு ஃபேஸ் போனா என்ன ஆகும்? ஹால்ல ஃபேன் ஓடும், ரூம்ல லைட் எரியாது. கிட்டத்தட்ட அதே கதைதான் அங்கயும். கனடால கரண்ட் டிரையருக்கு 120 வோல்ட் லைன் ரெண்டு வருது. மோட்டாருக்கு ஒரு லைன் போதும். ஹீட்டருக்கு ரெண்டும் சேர்ந்து 240 வோல்ட் வேணும். ஒரு லைன் போயிட்டா டிரம் ஜோரா சுத்தும், சூடு வராது. பிரேக்கர் எல்லாம் இருக்கற பேனல் பாக்ஸ் பெரும்பாலும் பேஸ்மென்ட்லதான் இருக்கும். திறந்து, ரெண்டு கைப்பிடி ஒண்ணா சேர்ந்த 30 ஆம்ப் பிரேக்கரைத் தேடுங்க. டிரிப் ஆன பிரேக்கர் நடுவுல நிக்கும், பாக்க ஆன் மாதிரியே தெரியும். முழுசா ஆஃப் பக்கம் தள்ளி, அப்புறம் ஆன் பண்ணுங்க. மறுபடி டிரிப் ஆச்சுன்னா அதோட நிறுத்திடுங்க, எலக்ட்ரீஷியன்தான் வரணும். பழைய வீட்டுல பிரேக்கருக்குப் பதிலா ரெண்டு ஃபியூஸ் இருக்கும், அதுல ஒண்ணு மட்டும் போயிருக்கலாம்.

அப்படியே டயலையும் ஒரு தடவை பாத்துடுங்க. "ஏர் ஃப்ளஃப்"னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல வெறும் காத்துதான் வரும். புதுசா வந்தவங்க நிறைய பேர் அதுல மாட்டியிருக்காங்க.

ரெண்டும் சரியா இருந்தா அடுத்தது காத்து போற வழி. என் கணக்குல பாதிக்கு மேல பிரச்சினை இங்கதான். துணிலேர்ந்து வர்ற ஈரக் காத்து மெஷினுக்குப் பின்னாடி 4 இஞ்ச் குழாய் வழியா வீட்டுக்கு வெளிய போகணும். அதுல துணிலேர்ந்து உதிர்ற பஞ்சு அடைச்சா சூடு உள்ளயே தங்கும். சூடு எல்லை மீறினா மெஷினே ஹீட்டரை நிறுத்திடும். அடைப்பு ரொம்ப மோசமானா உள்ள இருக்கற தெர்மல் ஃபியூஸ், அதாவது சூடு மீறினா கரண்டை வெட்டற ஃபியூஸ், போயிடும். அது போனா போனதுதான், ரீசெட் கிடையாது.

வெளிச் சுவர்ல ஒரு மூடி இருக்கும். மெஷின் ஓடும்போது அது நல்லாத் திறந்து காத்து வேகமா அடிக்குதான்னு பாருங்க. பனி விழுந்த மறுநாள் அந்த மூடியே பனில புதைஞ்சு கிடக்கும், கையால தள்ளிவிடணும். உள்ள இருக்கற பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் துடைங்க. டிரையர் ஷீட் (துணி மெத்துன்னு வர சேர்த்துப் போடற தாள்) போடற பழக்கம் இருந்தா வலை மேல கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு படியும். குழாயடில பிடிச்சுப் பாருங்க. தண்ணி ஒழுகாம மேலயே நின்னா சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்கணும்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். ரெண்டாவது குளிர்காலம். சூடு நின்னுது. ரிப்பேருக்கு வந்தவர் தெர்மல் ஃபியூஸை மாத்திட்டுக் காசு வாங்கிட்டுப் போயிட்டாரு. மூணே வாரத்துல திரும்பவும் சில்லு. நானே மெஷினை முன்னாடி இழுத்துப் பாத்தேன். பின்னாடி பிளாஸ்டிக் மடிப்புக் குழாய் சுவத்தோட நசுங்கி, பஞ்சு கெட்டியா அடைச்சுக் கிடந்துச்சு. வளையாத அலுமினியக் குழாயா மாத்தின பிறகு அந்த மெஷின் நான் அங்க இருந்த வரைக்கும் ஓடுச்சு.

இங்கதான் உங்ககிட்ட ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கறேன். நம்ம பக்கத்துல ஃபியூஸ் போனா தடிமனா ஒரு செம்புக் கம்பியைச் சுத்திப் போட்டுடுவோம். எங்க அப்பாவும் அப்படித்தான் பண்ணுவாரு. டிரையர்ல அதை மட்டும் செய்யாதீங்க. தெர்மல் ஃபியூஸுக்கு டைரக்ட் குடுத்தா மெஷின் சூடாகத்தான் செய்யும், ஆனா பஞ்சு பக்கத்துலயே ஹீட்டர் கட்டுப்பாடு இல்லாம எரியும். பேஸ்மென்ட்ல தூங்கறது நீங்களும் உங்க மனைவியும். அதே மாடலுக்கான ஃபியூஸைத்தான் போடணும், அடைப்பை எடுத்த பிறகு போடணும்.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் ஹீட்டர் காயில் மேல சந்தேகப்படணும். பிளக்கைப் பிடுங்கிட்டு, காயில் ஒயரைக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சா சுமார் 10 ஓம் காட்டணும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கு. மீட்டர் பழக்கம் இல்லன்னா விட்டுடுங்க. பின்னாடி கேஸ் குழாய் வந்தா அது கேஸ் டிரையர், நீங்க கழட்டவே கூடாது. கேஸ் வாசனை வந்தா சுவிட்ச் எதையும் தொடாம எல்லாரும் வெளிய வந்துட்டு கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம். டிரையர் வாடகையோட சேர்ந்து வந்ததுன்னா ரிப்பேர் ஓனரோட பொறுப்பு. ஸ்கார்பரோ இருக்கற ஒன்டாரியோ மாகாணத்தோட 2006 வாடகைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. "பழுதுன்னு தெரிஞ்சுதானே குடி வந்தீங்க"ன்னு அவர் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஆனா ஓனரோட கிச்சனையோ பாத்ரூமையோ நீங்க பங்கு போட்டுக்கிட்டு இருந்தா அந்தச் சட்டம் பொருந்தாது. வாய்ல சொல்லாம மெசேஜ்ல எழுதுங்க, தேதியோட: "டிரம் சுத்துது, சூடு இல்ல, பிரேக்கர் பாத்தாச்சு, குழாய் பாத்தாச்சு." இவ்வளவு எழுதினா நிறைய துணி போட்டீங்கன்னு சொல்ல முடியாது. புதுசா வந்திருக்கோம், வீட்டை விட்டு அனுப்பிடுவாரோன்னு பயந்து நானும் நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீங்க அப்படி இருக்க வேண்டாம்.

அதுவரைக்கும் வாஷர்ல இன்னொரு தடவை ஸ்பின் மட்டும் ஓட்டுங்க, இன்னும் கொஞ்சம் ஈரம் போயிடும். படுக்கற ரூம்ல கயிறு கட்டாதீங்க, பேஸ்மென்ட் சுவத்துல பூஞ்சை பிடிச்சா மூச்சுக்குக் கெடுதல். பாத்ரூம்ல தொங்கவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்க. மே மாசம் வந்ததும் ஓனர்கிட்ட கேட்டுப் பின்பக்கம் ஒரு கொடி கட்டிக்குங்க. வெளிய துணி காயப்போடக் கூடாதுன்னு சில குடியிருப்புகள்ல இருந்த தடையை ஒன்டாரியோ அரசு 2008லயே நீக்கிடுச்சு.

இன்னைக்கு ராத்திரி பேனலைப் பாத்துட்டு பிரேக்கர் எந்த நிலைல நின்னுச்சுன்னு எழுதுங்க. இங்க விடியும்போது படிச்சுட்டு பதில் போடறேன்.