உறுமல், வாலாட்டல், குற்றமுகம்: நாய் வளர்ப்போர் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சாப்பிடும்போது பக்கத்தில் போனால் எங்கள் நாய் உறுமுகிறது. இரண்டு வயது. அதட்டினால் அடங்கிவிடுகிறது. இப்படியே அதட்டிப் பழக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடிக்காமல் தப்பிக்கத்தான் நாய் உறுமுகிறது. அதட்டினால் உறுமல் போகும், சோறு பறிபோகும் என்கிற பயம் போகாது. எச்சரிக்கையை விழுங்கப் பழகிய நாய் அடுத்த முறை நேராகக் கடிக்கத்தான் செய்யும்.

உறுமலுக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. நீங்கள் நெருங்கும்போது பாருங்கள்: மெல்லுவது சட்டென்று நிற்கும், இல்லையென்றால் அள்ளி அள்ளி விழுங்கும். தலை தட்டுக்கு மேல் கவிழ்ந்து உடம்பு விறைக்கும். முகம் திரும்பாது, கண் மட்டும் உங்கள் பக்கம் உருளும், வெள்ளை விழி பிறை போலத் தெரியும். இது எந்தத் தூரத்தில் நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறடியில் விறைக்கிறது என்றால் எட்டடியில் தொடங்குங்கள். அங்கே நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, உப்பும் மசாலாவும் எலும்பும் இல்லாத வேகவைத்த கோழித் துண்டை, நக அளவில் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டு உடனே விலகிவிடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். உங்களைக் கண்டதும் உடம்பு தளர்ந்து, “எங்கே என் துண்டு” என்று தலை நிமிர்ந்து பார்க்கிற நாளில் அரையடி கிட்டே போங்கள். மறுபடி விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். வாரக்கணக்கில் ஆகும்.

பழக்குகிறேன் என்று தட்டில் கைவிடுவதும், பாதியில் தட்டைப் பிடுங்குவதும் நாயின் சந்தேகத்தை நிரூபித்துக் காட்டும் வேலை. வீட்டில் குழந்தைகள் இருந்தால் தனி அறையில் சோறு வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் நீங்களே முயலாமல், நடத்தைச் சிக்கல்களைக் கையாளும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வாலை ஆட்டிக்கொண்டேதான் வந்தது, கிட்டே போனதும் பாய்ந்துவிட்டது. வாலாட்டினால் பிரியம் இல்லையா?

பதில்: வாலாட்டுவது மனம் கிளர்ந்திருப்பதன் அடையாளம், அவ்வளவுதான். பிரியமா, பதற்றமா என்பதை மீதி உடம்பு சொல்லும். முதுகு மட்டத்தில், இடுப்பும் சேர்ந்து குழைய அகலமாக ஆடினால் வரவேற்பு. கம்பு போல மேலே நிமிர்ந்து, நுனி மட்டும் குறுகலாகத் துடித்தால் அங்கேயே நில்லுங்கள். காலிடுக்கில் ஒடுங்கி வேகமாக ஆடினால் பயந்து கெஞ்சுகிறது.

2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒன்று கண்டார்கள்: வளர்ப்பவரைப் பார்க்கும்போது வால் நாயின் வலப்பக்கம் அதிகம் சாய்கிறது, மிடுக்கான அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத அளவு நுட்பம், தெருவில் அதை நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

கேள்வி: செருப்பைக் கடித்துவிட்டுத் தலை குனிந்து, காதை மடக்கி நிற்கிறது. தப்பு என்று தெரிந்துதானே செய்கிறது?

பதில்: தெரிந்தது உங்கள் கோபம். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். “தொடாதே” என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் பொய்யாகச் சொன்னார்கள். தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தை அதிகம் காட்டின. தின்னாமலே திட்டு வாங்கியவை இன்னும் கூடுதலாக. அரை மணி கழித்து அடித்தால் நாய் செருப்போடு அதை இணைக்காது, நீங்கள் வீட்டுக்கு வருவதோடு இணைக்கும். செருப்பை மேலே எடுத்து வையுங்கள், கடிக்க வேறொன்று கொடுங்கள். நாலு முதல் ஆறு மாதக் குட்டி என்றால் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் சமயம், ஈறு அரிக்கத்தான் செய்யும்.

கேள்வி: புல் தின்கிறது. வயிறு கெட்டிருக்குமோ?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1500க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் எடுத்து 2008இல் வெளியான கணக்கெடுப்பில், புல் தின்றபின் வழக்கமாக வாந்தி எடுத்தவை கால்வாசிக்கும் குறைவு. பூச்சிமருந்து தெளித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வாந்தி, சோர்வு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் கிளம்பினால் குரைத்துக் கதவைப் பிறாண்டுகிறது. வேண்டுமென்றே செய்கிறதா, பொழுது போகாமலா?

பதில்: கைப்பேசியை வைத்து வீடியோ எடுத்துவிடுங்கள், விடை அதில் இருக்கும். நீங்கள் போன அரை மணிக்குள் ஊளை, எச்சில் ஒழுகல், சேதமெல்லாம் கதவையும் ஜன்னலையும் சுற்றி என்றால் அது பிரிவுப் பதற்றம். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து தலையணையைக் கிழித்தால் சலிப்பு. காலையில் நீண்ட நடையும் நிறைய மோப்பம் பிடிக்க நேரமும் கொடுத்தால் குறையும்.

பதற்றத்துக்கு அடிப்பது, கூண்டில் பூட்டுவது இரண்டும் ஆகாது. கம்பியைக் கடித்துப் பல் உடைத்துக்கொள்ளும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், ஒரு நாளைக்குப் பத்து முறை. சாவிச் சத்தத்துக்கு எழாமல் படுத்திருக்கும்போது அடுத்த படி: கதவுக்கு வெளியே ஐந்து நொடி, பிறகு பத்து, பிறகு இருபது. பதறும் முன் திரும்பி வருவதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த நாட்களில் நெடுநேரம் தனியே விட்டால் பட்டதெல்லாம் வீண், யாரையாவது துணைக்கு வையுங்கள். கடுமையாக இருந்தால் மருத்துவர் தரும் மருந்தும் பயிற்சியோடு சேரலாம்.

கேள்வி: மல்லாக்கப் போட்டு அமுக்கினால்தான் நம்மைத் தலைவனாக ஏற்கும் என்கிறார் ஒரு பயிற்சியாளர்.

பதில்: அவரை மாற்றுங்கள். 1947இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல், விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவனைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான அவரே அதைக் கைவிட்டார். அமுக்கப்படும் நாய் அசையாமல் கிடப்பது மரியாதையால் அல்ல, பயத்தால்.

கேள்வி: ஒன்பது வயது. பரமசாது. ஒரு மாதமாக இடுப்பைத் தொட்டால் சீறுகிறது.

பதில்: பயிற்சியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள், வலியைத் தேடுங்கள். படியேறத் தயங்குகிறதா, எழும்போது பின்கால் தடுமாறுகிறதா, ஒரே பக்கமாக மெல்லுகிறதா என்று கவனித்து, நடப்பதையும் எழுவதையும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் மேசையில் பயத்தில் விறைத்து நிற்கும்போது நொண்டல் தெரியாமல் போய்விடும். மனிதர்களுக்கான வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.