செரோக்கியர் யார்? குலமா, ரத்தமா, ஒப்பந்தமா?

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் கலப்பு மணம் பற்றியும் அடையாளம் பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கார்த்திக்: முதன்மைத் தலைவர் ஜான் ராஸுக்கு எட்டில் ஒரு பங்குதான் செரோக்கி ரத்தம். பிறகு எப்படி அவரை ஏற்றார்கள்?

எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்பதெல்லாம் பழைய செரோக்கியரின் கணக்கு இல்லை. ஓநாய், மான், பறவை என அவர்களுக்கு ஏழு குலங்கள். அம்மா எந்தக் குலமோ, பிள்ளையும் அதே குலம். பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கும் பொறுப்புகூட அப்பாவைவிடத் தாய்மாமனுக்கே அதிகம். ராஸின் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று மேலே போனால் பறவைக் குலத்துப் பெண் ஒருத்தியிடம் போய் நிற்போம். அது போதும். அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்பது தடையாக இல்லை. 1828 முதல் 1866இல் இறக்கும்வரை அவர்தான் முதன்மைத் தலைவர்.

செல்வி: அம்மா வெள்ளைக்காரி, அப்பா செரோக்கி என்றால்?

பழைய முறைப்படி அந்தப் பிள்ளைக்குக் குலமே கிடையாது. 1825இல் செரோக்கியரின் சட்டமன்றமான தேசிய மன்றம் சட்டம் போட்டு அத்தகைய பிள்ளைகளுக்குக் குடியுரிமை தந்தது. அப்போது இத்தகைய திருமணங்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. கனெக்டிகட் மாநிலத்துக் கார்ன்வால் ஊரில் மிஷன் பள்ளியில் படித்த செரோக்கி இளைஞர் ஜான் ரிட்ஜ், 1824இல் அவ்வூர் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்திருந்தார். அடுத்து அங்கே படித்த இன்னொரு செரோக்கியர் எலியாஸ் பூடினோ, அவ்வூர் வெள்ளைக்காரப் பெண் ஹேரியட் கோல்ட் திருமணப் பேச்சு வெளியே வந்ததும் ஊரார் கொடும்பாவி கொளுத்தினார்கள். தீ வைத்தவர் ஹேரியட்டின் உடன்பிறந்த சகோதரர். ஆனாலும் 1826இல் இருவரும் மணந்துகொண்டார்கள். அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

ரஹீம்: செரோக்கியரே கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார்களாமே, உண்மையா?

உண்மை. மறைக்கக் கூடாத உண்மை. 1835 கணக்கெடுப்பில் செரோக்கியர் சுமார் 16,500 பேர். அவர்களிடம் அடிமைகள் 1,592 பேர். இதில் என் மனத்தை விட்டு அகலாதது ஷூ பூட்ஸ் என்ற போர்வீரரின் கதை. தன் அடிமையான டால் என்ற கறுப்பினப் பெண்ணுடன் வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். சட்டப்படி அந்தப் பிள்ளைகளும் அவருடைய சொத்து. தன் ரத்தம் அடுத்தவருக்கு அடிமையாகிவிடுமோ என்று அஞ்சி 1824இல் மன்றத்திடம் மனு கொடுத்தார். மூன்று பிள்ளைகளுக்கு விடுதலை கிடைத்தது. டாலுக்குக் கிடைக்கவில்லை. அவளிடம் இனிப் பிள்ளை பெறக் கூடாது என்றும் மன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு அடிமைகளுடன் திருமணமும் தடை செய்யப்பட்டது. 1827 அரசியல் சட்டம், செரோக்கி ஆணின் மனைவி வெள்ளைக்காரியாக இருந்தால் பிள்ளைக்கு உரிமை தந்தது. கறுப்பினத்தவளாக இருந்தால் மறுத்தது. குலம் பார்த்த சமூகம் நிறம் பார்க்கத் தொடங்கியது இங்கேதான்.

ஜெயந்தி: அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் இன்று செரோக்கியரா?

ஆம். அது சலுகை இல்லை, ஒப்பந்த உரிமை. அமெரிக்க அரசு செரோக்கியருடன் செய்த 1866 ஒப்பந்தம், விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிறவிச் செரோக்கியருக்குள்ள எல்லா உரிமைகளும் உண்டு என்றது. பிறகு வந்த டாவ்ஸ் பதிவேடு, அதாவது அமெரிக்க அரசு எடுத்த பழங்குடி உறுப்பினர் பதிவேடு, மக்களைத் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்தது. கறுப்பு நிறம் தெரிந்தால் பலரை, செரோக்கி முன்னோர் இருந்தும், விடுதலை பெற்றோர் பட்டியலில் போட்டார்கள். அங்கே ரத்தப் பங்கு எழுதப்படவில்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டித்தான் 1983இல் செரோக்கி தேசம், அதாவது ஓக்லஹோமாவிலுள்ள செரோக்கியரின் தன்னாட்சி அரசு, அவர்கள் சந்ததியின் வாக்குரிமையைப் பறித்தது. 2007 வாக்கெடுப்பில் செரோக்கியர் சுமார் 2,800 பேரை வெளியேற்றினார்கள். எழுதாமல் விட்டது அதிகாரி, தண்டனை பேரப்பிள்ளைகளுக்கு! 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1866 ஒப்பந்தமே செல்லும் என்றது. 2021இல் செரோக்கி தேசத்தின் உச்ச நீதிமன்றம் "ரத்தத்தால்" என்ற சொல்லை அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது.

பிரபு: "என் பாட்டி செரோக்கி இளவரசி" என்று சில அமெரிக்கர்கள் சொல்கிறார்களே?

செரோக்கியரிடம் அரச பரம்பரை இருந்ததில்லை, அதனால் இளவரசியும் இல்லை. ஓக்லஹோமாவிலுள்ள செரோக்கி தேசம் கேட்பது டாவ்ஸ் பதிவேட்டில் உங்கள் முன்னோர் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். வட கரோலினாவின் கிழக்குச் செரோக்கியரோ இன்றும் பதினாறில் ஒரு பங்கு ரத்தம் கேட்கிறார்கள்.