எல்லாத் தட்டுக்கும் பருப்பு போகிறதா?

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், வேலூரில் ஒரு சிறு அறக்கட்டளையின் சமையற்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குச் சோறு போட விரும்புகிறவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

அப்பாவின் நினைவு நாளில் அரசுப் பள்ளியில் 120 பிள்ளைகளுக்குப் பிரியாணி போட ஆசை. யாரைக் கேட்க வேண்டும்? (குடியாத்தம்)

தலைமை ஆசிரியரையும் அமைப்பாளரையும் ஒரு வாரம் முன்பே பாருங்கள். உலையில் அரிசி போட்டபின் உங்கள் வண்டி வந்து நின்றால் இரண்டில் ஒன்று வீண். பிஎம் போஷன் என்ற மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் இதற்குத் ‘திதி போஜன்’ என்றே பெயர். அது வழக்கமான உணவுக்கு மேலதிகமாகத்தான் இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக அல்ல. பிரியாணி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, வடார்க்காட்டில் பிறந்தவள். ஆனாலும் அந்தப் பணத்துக்குக் கடலை உருண்டை வாங்கினால் எத்தனை நாள் கொடுக்கலாம் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் பேனர் வேண்டாம்.

அரசே காலையும் மதியமும் சோறு போடுகிறது. அறக்கட்டளைக்கு அங்கே என்ன வேலை? (ஆம்பூர்)

நல்ல கேள்வி. பள்ளி மதிய உணவு 1920-இல் மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவியது, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமானது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அரசு நன்றாகச் செய்வதையே நாமும் செய்வது அண்டாவில் தண்ணீர் ஊற்றுவதுபோல. அது எட்டாத இடங்களைத் தேடுங்கள்.

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, மதிய உணவு பத்தோடு. பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற பிள்ளை அதே வீட்டிலிருந்துதான் வருகிறது, அதே பசியோடுதான் வருகிறது. கட்டணம் குறைந்த தனியார் பள்ளிகளிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் உண்டு. அங்கே அடுப்பே இல்லை. பிறகு கோடை விடுமுறை.

உங்கள் ஊரில் ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையே வந்துவிடுகிறது. அந்த அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். மதியம் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த சோறு இரவு எட்டரைக்கு. எங்கள் மாலைநேர வகுப்பில் ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுக்கிறோம். ஒரு பெண் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நோட்டுத்தாளில் மடித்துப் பையில் வைப்பாள், தம்பிக்காம். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டு, மறுநாள் முதல் அவள் கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடப் போடச் சொன்னேன். உங்கள் பணம் அந்தக் கரண்டிக்குப் போகட்டும்.

கோடை வகுப்புக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 50 பேர், ஆறு முதல் எட்டு வரை 30 பேர். எவ்வளவு அரிசி, பருப்பு? (பேரணாம்பட்டு)

அரசு அளவையே வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர்களுக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். பெரியவர்களுக்கு 150, 30, 75. மொத்தம் அரிசி 9.5 கிலோ, பருப்பு 1.9 கிலோ, காய் 4.75 கிலோ. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைக்கிற நாளில் சாம்பாருக்கு வேறு காயே தேட வேண்டாம்.

அளவு சரியாக இருந்தாலும் பரிமாறுவதில் கோட்டை விடுவார்கள். பருப்பு அடியில் தங்கிவிடும். அகப்பையை அடிவரை விட்டுக் கிளறாமல் மேலாக மொண்டால் முதல் வரிசைக்கு ரசம், கடைசி வரிசைக்குக் கூட்டு. பொறுப்பில் இருக்கிறவர் ஒரு நாள் முதல் தட்டையும் மறுநாள் கடைசித் தட்டையும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ‘இலவசச் சோறு’ என்று கூசுகிற பிள்ளைக்கு அதுவே பாதி மருந்து.

காட்பாடியில் சமைத்து ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துக்குத் தயிர்சாதம் அனுப்பலாமா?

நான் அனுப்பி, பட்டிருக்கிறேன். ஒரு ஏப்ரல் மாதம், வழியில் வண்டி பங்க்சர். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. இரண்டு குண்டான் சாதத்தையும் குழி தோண்டிக் கொட்டிவிட்டுப் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தோம். அன்று பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நம் ஊர் வெயிலில் சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும்; ஆறிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போய்விட வேண்டும். சோற்றைச் சூடாகவும் தயிரைத் தனியாகவும் கொண்டுபோய் அங்கேயே கலக்குங்கள். அதைவிட நல்லது, அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து அங்கேயே சமைக்கச் சொல்வது. இலாப நோக்கமில்லாத சமையற்கூடத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

தம்பி அமெரிக்கக் குடிமகன். மருமகன் துபாயில் வேலை, இந்திய பாஸ்போர்ட். இருவரும் பணம் அனுப்பலாமா? (வாணியம்பாடி)

மருமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. தம்பியின் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாவிட்டால் வாங்கவே கூடாது. உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. மூட்டையாக அரிசி கொடுத்தாலும் கிடையாது.

பிள்ளைகள் சாப்பிடும் படத்தை நன்கொடையாளர் கேட்கிறார்.

அண்டாவைப் படம் எடுத்து அனுப்புங்கள். பில்லையும் அனுப்பலாம்.

சமையல்காரம்மா எந்தச் சாதி என்று சில பெற்றோர் விசாரிக்கிறார்கள்.

சமையலில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். அவரை மாற்றாதீர்கள். ஒரு முறை மாற்றினால் அடுத்த முறை யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று கேட்பார்கள்.

சத்துணவு அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறதாமே?

இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி மணியாக வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலந்த செறிவூட்டிய அரிசி அது. அந்த மணிகளின் நிறம் சற்று மாறித் தெரியும். முறத்தில் பொறுக்கி எறிகிற ஆயாக்களை நானே பார்த்திருக்கிறேன். வெந்தபின் ஒரு மணியை விரலில் நசுக்கிக் காட்டினேன். சோறாகத்தான் மசிந்தது.