பயணம்: கேள்வி – பதில்

கேள்வி: 68 வயது அப்பாவும் 63 வயது அம்மாவும் முதல்முறையாகத் துபாய் போகிறார்கள். சென்னையிலிருந்து 15-ம் தேதி அதிகாலை 3.45-க்கு விமானம். விழுப்புரத்திலிருந்து காரில் வருகிறோம். மூன்று மணி நேரம் முன்னால் போனால் போதுமா?
– வாசகி, விழுப்புரம்

முதலில் தேதியைச் சரிபாருங்கள். 15-ம் தேதி அதிகாலை விமானம் என்றால், 14-ம் தேதி இரவே வீட்டைப் பூட்டிக் கிளம்ப வேண்டும். 15-ம் தேதி இரவு வந்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தவறுக்கு விமான நிலையத்தில் மாற்றுவழி கிடையாது.

அடுத்து, 3.45-ஐ மறந்துவிடுங்கள். உங்கள் கெடு 2.45. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடப்படும். சில நிறுவனங்கள் 75 நிமிடம் முன்பே மூடுகின்றன. ஏறும் வாயில் ஏறத்தாழ 20 நிமிடம் முன்பு மூடும். உங்கள் நிறுவனத்தின் நேரம் டிக்கெட்டிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு முதல் விடியும் வரை சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும் நேரம். கவுன்ட்டர் வரிசைக்கு 45 நிமிடம், குடியேற்றச் சோதனைக்கு 45, பாதுகாப்புச் சோதனைக்கு 30 என்று வையுங்கள். முதல்முறை போகும் பெரியவர்களுக்கு அரை மணி கூடுதலாக வேண்டும். ஆக, 12.15-க்கு முனையம் 2-ன் நுழைவாயிலில் நிற்பது சரி. மாலையிலேயே போய் உட்காருவதில் பலனில்லை. கவுன்ட்டர் பொதுவாக மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான் திறக்கும்.

விழுப்புரத்திலிருந்து சாதாரணமாக மூன்று மணி நேரம். பரனூர் சுங்கச்சாவடி, கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் நெரிசலையும் ஒரு பஞ்சரையும் சேர்த்து 8.30-க்குக் கிளம்புங்கள். ஞாயிறு அல்லது தொடர் விடுமுறையின் கடைசி நாள் என்றால் ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் சென்னை திரும்புவார்கள், 7.30-க்கே கிளம்பிவிடுங்கள்.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பெட்டிதான். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டிக்குள் வைத்தால், அது உள்ளே போன பிறகு ஸ்கேனரில் தெரியும். உங்களைக் கூப்பிட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லி, புடவைகளுக்கு அடியிலிருந்து எடுக்க வைப்பார்கள். அதைக் கைப்பையில் வையுங்கள். கொப்பரைத் தேங்காயும் பெரிய பெட்டியில் கூடாது; எண்ணெய்ப் பசை இருப்பதால் எளிதில் தீப்பிடிக்கும். ஊறுகாயோ கைப்பையில் வந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். கசியாமல் கட்டிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். எடையை வீட்டிலேயே பாருங்கள். கவுன்ட்டர் முன்னால் தரையில் பெட்டியைப் பிரித்து முறுக்கு டப்பாவை மாற்றுவதற்குள் பின்னால் இருப்பவர்கள் முந்திவிடுவார்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் 48 மணி நேரம் முன்பே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவுசெய்யுங்கள். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், பாஸ்போர்ட், விசா, திரும்பும் டிக்கெட் மூன்றின் அச்சுப் பிரதியையும் அம்மாவின் கைப்பையில் நீங்களே வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: காலை 6.30-க்குச் சென்னை – மதுரை விமானம். கைப்பை மட்டும்தான், செக்-இன் போனிலேயே முடித்துவிட்டேன். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் போகலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். முதல் ரயில் 5 மணிக்குத்தான். சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் போய் இறங்கி, நடைபாலம் கடந்து முனையத்தின் நுழைவாயிலுக்கு வரும்போது 5.50 நெருங்கிவிடும். ஏறும் வாயில் 6.05 வாக்கில் மூடும். நடுவில் இருக்கும் கால்மணி, காலை நேரப் பாதுகாப்பு வரிசைக்குப் போதாது. ஆட்டோவோ காரோ பிடித்து 5 மணிக்குள் வந்துவிடுங்கள். உள்நாட்டு விமானங்கள் முனையம் 1, முனையம் 4 இரண்டிலிருந்தும் புறப்படுகின்றன. உங்களுடையது எது என்று முந்தைய இரவே பார்த்து, ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.