முதுமையில் கண்ணும் காலும் ஒருசேரத் தளர்ந்தவருக்கு ரோபோ வாக்கர் எப்படி வழிகாட்டுகிறது? அது ஆளை இழுத்துக்கொண்டு போய்விடாதா?

இத்தகையோரின் சிக்கல் கைகளில்தான் தொடங்குகிறது: வாக்கரை இரு கைகளாலும் பற்றி உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், வெள்ளைக் கோலைப் பிடிக்கக் கை மிச்சமிருப்பதில்லை, வழிகாட்டி நாயின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் பலரால் முடியாது. இக்குறையைத் தீர்க்க, டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் ஜெரார்ட் லேசியும் அவருடைய குழுவினரும் 1990களில் மேற்கொண்ட ஆய்வே பின்னர் 'குய்டோ' என்ற கருவியாக வளர்ந்தது.

இழுத்துச் செல்லும் என்ற அச்சம் அதற்குப் பொருந்தாது. முன்னே உந்தும் மோட்டார் அதில் கிடையாது. தள்ளுபவர் பயனாளரே, மோட்டார் சக்கரங்களைத் திருப்புவதோடு சரி. அவர் நின்றால் வண்டியும் நிற்கும். தள்ளாடி நடப்பவருக்கு இந்த அடக்கமே பெரிய பாதுகாப்பு என்பேன்.

கைப்பிடியை அவர் இடப்புறம் சற்றே அழுத்தினால், அங்குள்ள உணரிகள் அந்த விருப்பத்தை அறிகின்றன. அதே வேளையில் லேசர் கதிர் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடைகளின் தொலைவு கணக்கிடப்படுகிறது. வழி தெளிவாயிருந்தால் சக்கரம் அப்பக்கம் திரும்பும். நாற்காலி குறுக்கிட்டால் மெல்ல விலகிச் செல்லும். சுற்றுப்புறத்தைக் குரலாலும் அறிவிக்கும்.

ஆனால், தரைக்கு இணையாக ஒரே தளத்தில் பாயும் லேசர் கண்ணாடிக் கதவை ஊடுருவிவிடும். அங்கே, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் தடையை அறியும் மீயொலி உணரி கைகொடுக்கும். கீழிறங்கும் படிக்கட்டோ இரண்டுக்குமே எளிதில் புலப்படாது என்பதால், தரையை நோக்கிய தனி உணரி இல்லாத வாக்கரைப் படிகளருகே நம்பக் கூடாது.