நட்சத்திரம் பார்த்து மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: மூட்டு வலிக்கு ஒரு மூலிகை மாத்திரையை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். நிறையப் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: டப்பா உடைந்து வந்தது, மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை, வாடை தாங்கவில்லை என்று திட்டியிருந்தால் தாராளமாக நம்புங்கள். அவர்கள் கண்ணால் கண்டது அது. என்னை உறுத்துவது அந்த ‘இரண்டே நாள்’தான். மருந்துக் கடையில் வெகுகாலம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். நாள்பட்ட மூட்டு வலியை இரண்டு நாளில் அடக்கும் மூலிகையைப் பார்த்ததில்லை. அப்படி அடக்கும் ஸ்டீராய்டைப் பார்த்திருக்கிறேன்.

2022-இல் ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மூட்டு வலி மாத்திரை பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. சோதித்துப் பார்த்ததில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தன. லேபிளில் இரண்டின் பெயரும் கிடையாது. அதைச் சாப்பிட்டு ‘அற்புதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை, வலி நிஜமாகவே குறைந்திருக்கும். வயிற்றுப்புண்ணும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் மெதுவாகத்தான் தெரியவரும். அதற்குள் நட்சத்திரம் போட்டாயிற்று! இந்த மாதிரி மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு குறைந்து போயிருக்கும். டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

காசுக்கு எழுதுகிறவர்கள் தனி ரகம். எடை குறைக்கும் மாத்திரை ஒன்றுக்குப் பணம் கொடுத்துப் போலி விமர்சனம் எழுத வைத்ததாக, நுகர்வோரை ஏமாற்றும் வியாபாரத்தைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் ஒரு விற்பனையாளர் மீது வழக்கே போட்டது.

சரி, நேர்மையாக எழுதுகிறவர்கள்? மூட்டு வலி ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரை தேடுவோம். அப்புறம் அது தானாகத் தணிந்தாலும் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். அதனால் மூன்று நட்சத்திரக்காரர்களை முதலில் படியுங்கள். பல மாதம் சாப்பிட்டுவிட்டு, கூட வேறு என்ன மருந்து எடுத்தோம் என்றும் சொல்கிறவர் கிடைத்தால் அவருக்குக் காது கொடுக்கலாம்.

கேள்வி: ‘மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது’ என்று பலரும் எழுதுகிறார்களே?

பதில்: மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் மூலிகைதான். அது கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரையின் மருந்தைச் சீக்கிரம் சிதைத்துவிடும். ‘மனசு லேசாச்சு’ என்று ஐந்து நட்சத்திரம் போட்ட பெண்ணுக்கு, அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனால் அந்த மூலிகை மேல் சந்தேகமே வராது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நீங்கள் வேறு மாத்திரை எடுப்பவராக இருந்தால், அந்த மருந்துச் சீட்டையும் மூலிகை டப்பாவின் லேபிளையும் சேர்த்து மருந்தாளுநரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.