பனிச்சாலைக்கு எந்த டயர்?

கேள்வி: என்னுடையது முன்சக்கரங்களில் இயங்கும் கார். பனிக்காலத்துக்காக முன்பக்க டயர்கள் இரண்டை மட்டும் மாற்றினால் போதாதா? 'எம் பிளஸ் எஸ்' என்று போட்ட டயர் வாங்கலாமா?

பதில்: போதாது. முன்னால் மட்டும் பனிக்கால டயர் போட்டால் கார் ஜோராகக் கிளம்பும். ஆனால் வளைவில் பிரேக்கை மிதித்ததும், பிடிப்பில்லாத பின்பக்கம் விலகி வண்டியே சுழன்றுவிடும். நான்கையும் ஒரே வகையாக மாற்றுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கும் இதேதான். அது கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது.

'எம் பிளஸ் எஸ்' என்பது 'சேறும் பனியும்' என்பதன் சுருக்கம். தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறி அது, சோதனைச் சான்று அல்ல. டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் இழுவைச் சோதனை தேறியவற்றுக்கே அந்தப் படம் உண்டு. அதுவும் வழுக்கும் ஐஸுக்கு உத்தரவாதமில்லை.

சூட்சுமம் ரப்பரில் இருக்கிறது. சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். பனிக்கால ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் மேற்பரப்பில் உள்ள நெருக்கமான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும். டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்துவிட்டால் பனிக்கு அந்த டயரை நம்பாதீர்கள்.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. குறையும். எனவே வண்டியை ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்புங்கள். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வார்கள். சாலையில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.